விலாசம் அண்ணனின் இரண்டு கைகள்

தன்னைத் தானே தபாலில் போட்டுக்கொண்டால்கூடச் சரியாக வீடு வந்து சேரக்கூடிய ஒரே மனிதரை நான் பார்த்திருக்கிறேன். அவர்தான் விலாசம் அண்ணன். நெற்றியில் ஒரு முத்திரையை ஒட்டி யட்டியாந்தோட்டைத் தபால் கந்தோர்ப் படியில் உட்கார வைத்தால் போதும். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்கு முன்னால், கல்லுமலைத் தோட்டம், கீழ்ப் பிரிவு, ஏழாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள்.

காரணம், இவ்வளவும் அவருடைய இடது முன்கையில் பச்சை குத்தப்பட்டிருந்தது. பெயர், தகப்பன் பெயர், தோட்டம், வரிசை வீடான லயம், அதில் அவர் குடியிருந்த அறையான காம்பரா, அடையாள அட்டை இலக்கம், கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. வலது கையில் அதே விலாசம் சிங்களத்தில்.

"தமிழ்ல மட்டும் எழுதி வச்சா பொலிஸ்காரன் எப்பிடிங்க வாசிப்பான்?" என்பார்.

இத்தனை தெளிவாகப் பெயர் எழுதி வைத்திருந்தும், அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. விலாசம் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

நான் அப்போது கல்லுமலைத் தோட்ட ஆபீசில் சின்னக் கிளாக்கர். அவர் றப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். பத்து மணிக்கு மேல் வாளியோடு ஸ்டோருக்கு இறங்கி வருவார். கையெல்லாம் பால் தெறித்துக் காய்ந்திருக்கும். தண்ணீர்ப் பீலியடியில் உட்கார்ந்து தேங்காய்ப் பொச்சை எடுத்து முதலில் விலாசத்தைத்தான் தேய்ப்பார். முகம் கழுவுவதெல்லாம் பிறகு.

எழுத்து தன் கையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. அவருக்கு ஊரிலுள்ள எல்லாக் கைகளும் வேண்டும். எந்தக் காம்பராவில் பிள்ளைக்குப் பேர் வைத்தாலும் அழைக்காமலே வந்து நிற்பார்.

"பேரு வச்சாச்சு. எழுதி வச்சீங்களா?"

"பெர்த் சர்டிபிகேட்ல எழுதியிருக்குண்ணே."

"சர்டிபிகேட்டு பொட்டிக்குள்ள இருக்கும். புள்ள ரோட்டுல இருக்கும்."

பிள்ளை பிறந்து முப்பது நாள்தான் ஆகியிருக்கும். தொட்டிலில் கிடக்கும் அது ரோட்டுக்குப் போவதை நினைத்துத் தாய்க்கு அழுகை வந்துவிடும். கிழவிகள் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். அவர் பாயசத்தைக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்.

சாவு வீட்டையும் விட்டுவைத்ததில்லை. எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்து, சொந்தப் பாயில், மக்கள் பேரன்கள் சூழ உயிரை விட்ட ஒரு பெரியவரின் பிணத்தருகே குனிந்து, "அடையாளம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

மூத்த மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அப்பாவ எங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"ஒங்களுக்குத் தெரியும்பா. போற எடத்துல தெரியுமா?"

அவருடைய விலாசத்துக்கும் சோதனைகள் வந்தன. மழைக்கு நாலாம் காம்பராவின் கூரைத் தகரம் பறந்துபோக, அவரை ஒன்பதாம் காம்பராவுக்கு மாற்றினோம். அன்றைக்கே போய் "நாலு" என்பதன் மேல் ஒரு கோடு குத்திக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்தில் "ஒன்பது". அடுத்த வருடம் கீழ்ப் பிரிவை மத்தியப் பிரிவோடு சேர்த்தார்கள். இன்னொரு கோடு. எங்கள் பெரிய கிளாக்கர் திருத்திக் கொடுக்கும் கடிதம் மாதிரி ஆகிவிட்டது அந்தக் கை.

வலது கையின் கதை இன்னும் மோசம். பச்சை குத்தியவன் தேர்த் திருவிழாவுக்கு பெட்டரி மெஷினோடு வருகிற ஒரு ஆள். தமிழே அவனுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். சிங்களத்தில் தோட்டத்துக்கு "வத்த" என்று சொல்வார்கள். அவன் ஓர் எழுத்தை மாற்றி "வட்ட" என்று குத்திவிட்டான். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் மிச்சத்தைத் தாங்களே சேர்த்துக்கொண்டு "வட்டக்கா" என்றார்கள். வட்டக்கா என்றால் பூசணிக்காய். பஸ் கொண்டக்டர் தூரத்தில் அவரைக் கண்டாலே, "கல்லுமலப் பூசணிக்கா, ஏறுங்க ஏறுங்க" என்பான். அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். "சிரிச்சாலும் வாசிக்கிறானுல்ல" என்று உட்கார்ந்துகொள்வார்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். என் சிரிப்பில் மட்டும் கொஞ்சம் பயம் கலந்திருந்தது.

எங்கள் அம்மாவின் இரண்டு முன்கைகளிலும் பச்சை உண்டு. கொழுந்தெடுத்த அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லாருக்குமே இருந்தது. ஒரு தேள், கோலப்புள்ளிகள், தாலி கட்டியவரின் முதலெழுத்து. குறத்தி வந்து லயத்து வாசலில் குந்தி, ஊசியால் குத்திவிட்டுப் போனது. அவர்களுக்கு அது கழற்றத் தேவையில்லாத நகை. அவர்கள் பெற்றுப் பள்ளிக்கூடம் அனுப்பி, காற்சட்டை போட வைத்த எங்களுக்கோ, வெளியாட்கள் எங்களைத் திட்டுகிற "தோட்டக்காட்டான்" என்ற வார்த்தையை யாரோ அம்மாவின் கையிலேயே எழுதி வைத்த மாதிரி இருந்தது. எனக்குப் பெண் பார்க்க இரத்தினபுரிக்குப் போனபோது, அம்மாவுக்கு மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை தைக்கச் சொன்னேன். சித்திரை வெயில். பஸ்ஸில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஏன் என்று என்னிடம் அவள் கேட்கவே இல்லை. தைத்த பெண்ணிடம் மட்டும், "கொஞ்சம் தொளதொளன்னு தைச்சிரு ஆத்தா" என்று சொன்னாளாம்.

அப்படிப்பட்ட என் முன்னால் ஒரு மனிதர் தன் தோட்டத்தையும் லயத்தையும் காம்பராவையும் இரண்டு மொழிகளில் கையில் போட்டுக்கொண்டு நடந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

யுத்தம் முடியாத காலம் அது. விலாசம் அண்ணன் வருடத்துக்கு ஒரு முறை, ஒரே மாதத்தில், ஒரு நாள் லீவு கேட்டுக் கொழும்புக்குப் போவார். எதற்கென்று சொல்லமாட்டார். அந்த வருடம் போனவர் அன்று திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஆபீஸ் டெலிபோன் அடித்தது. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, பக்கத்துப் பொலிஸில் வைத்திருக்கிறார்கள்.

தோட்ட மனேஜரான பெரிய தொரை ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "இவர் பல வருடங்களாக எமது தோட்டத்தில் பால் வெட்டுகிறார். பச்சை குத்துவதைத் தவிர இவரிடம் வேறு தீய பழக்கங்கள் இல்லை." அதை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

அவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கீழ் உதடு வெடித்திருந்தது. ஒரு கண் பாதிதான் திறந்தது. இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டி வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி நல்ல படித்த மனிதர்போலத்தான் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இவருக்கு அடையாள அட்டை இருக்கிறது. அது சரியாகவும் இருக்கிறது. பிறகு ஏன் உடம்பில் எழுத வேண்டும்? சாகப் போகிறவன்தான் உடம்பில் விலாசம் எழுதுவான். இவர் எங்கே சாகப் போகிறார்? எத்தனை பேரோடு சாகப் போகிறார்? அதைத்தான் மூன்று நாளாகக் கேட்கிறேன்."

தொரையின் கடிதத்தை நீட்டினேன். அவர் அதையும் வாசித்தார், கையையும் வாசித்தார். வலது கைக்கு வந்தபோது நின்றார்.

"கல்லுமல வட்டக்கா?"

பின்னால் நின்ற பொலிஸ் கொஸ்தாப்பு ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவரால் முடியவில்லை. "பூசணிக்காயா குண்டு வைக்கப் போகுது, சேர்?" என்று சிங்களத்தில் சொன்னதும் அறை முழுக்கச் சிரிப்பு. அதிகாரியும் சிரித்துவிட்டார். கடைசியில் எழுத்துப் பிழைதான் மனிதரைக் காப்பாற்றியது.

ஆனாலும் போக விடுவதற்கு முன் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். இடது மார்பில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. சிவலிங்கம். அதன் கீழே உள்ளங்கை அளவு இடம் வெறுமையாகக் கிடந்தது.

"இது யார்?"

"மல்லி, சேர்." தம்பி.

"இவனுக்கு மட்டும் ஏன் விலாசம் எழுதவில்லை?"

"லிபினய நே, சேர்." விலாசம் இல்லை.

அதிகாரி கொஞ்ச நேரம் அந்த வெறும் இடத்தைப் பார்த்தார். பிறகு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், நான் கேட்காமலேயே, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

தம்பி கொழும்பில் ஒரு சில்லறைக் கடையில் வேலை செய்தான். ஒரு நாள் ரோட்டைக் கடக்கும்போது லொறி அடித்துவிட்டது. சட்டைப் பையிலிருந்ததை எவனோ எடுத்துக்கொண்டான். கடைக்காரர், பையன் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான் என்று நினைத்தார். ஊரில் இவர்கள், கடையில் இருக்கிறான் என்று நினைத்தார்கள். தீபாவளிக்கும் வராதபோதுதான் தேடிப் போனார். ஆஸ்பத்திரிப் பிணவறையில் ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். ஆண். இருபத்தைந்து வயது மதிக்கலாம். அடையாளங்கள்: இல்லை. யாரும் தேடி வராததால் அரசாங்கச் செலவில் புதைத்தாகிவிட்டது. அதில் எழுதியிருந்த சட்டையின் நிறத்தையும் வேலைக்குக் கட்டிய சாரத்தையும் வைத்துத்தான் அது தம்பி என்று இவருக்குத் தெரிந்தது. சவக்காலையில் எந்தக் குழி என்று கேட்டார். அந்தப் பக்கம் எங்கேயோ என்று கையைக் காட்டினார்கள்.

"வருசா வருசம் போயி அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு வர்றேன், கிளாக்கரையா. எந்தப் பக்கம்னுகூட இப்ப சரியாத் தெரியல. மதில் கட்டிட்டானுங்க."

அவர் கையிலிருந்த சுண்ணாம்பு டப்பியைத் திறந்து மூடினார்.

"அவனுக்குப் பச்சைன்னா ஆசை. பதினாறு வயசுல, தேருக்கு வந்த அந்த மெஷின்காரன் முன்னாடி சட்டைய மடிச்சு விட்டுட்டுக் குந்திட்டான். பேரும் ஊரும் போட்டுக்கணுமாம். நான்தான் ஓடிப் போயி எல்லார் முன்னாடியும் அறைஞ்சு இழுத்துக்கிட்டு வந்தேன். 'டவுனுக்கு வேலைக்குப் போகப் போறவன் இதக் குத்திக்கிட்டா தோட்டக்காட்டான்னு சிரிப்பானுங்கடா'ன்னு சொன்னேன். அவனும் அதுக்கப்புறம் கேக்கல."

அடையாளங்கள்: இல்லை. அதை எழுதியது பிணவறைக் கிளாக்கர் என்றாலும், எழுத வைத்தது தன் கை என்று அவர் நம்பினார். அதே மெஷின்காரனைத் தேடிப் பிடித்துத்தான் தன் இரண்டு கைகளையும் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, அம்மா தேத்தண்ணி நீட்டியபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முதன்முறையாக, இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"வலிச்சிச்சு. அதுதான்டா ஞாபகம் இருக்கு" என்று சிரித்தாள். அதன் பிறகு அம்மா நீட்டுக் கை ரவிக்கை போடவில்லை. நான் அதைப் பற்றிப் பேசவுமில்லை.

யுத்தம் முடிந்தது. விலாசம் அண்ணனின் பிரசாரம் முடியவில்லை. அரசாங்கம் அடையாள அட்டை இலக்கத்தைப் பன்னிரண்டு எண்களாக மாற்றியபோது ஆபீசுக்கே வந்து சத்தம் போட்டார். "ஒம்போது நம்பரு, ஒரு எழுத்து. அதுக்கே முழங்கை வரைக்கும் வந்துருச்சு. இனி எங்கங்க போறது? கவர்மெண்டு என் கைய என்ன சிலேட்டுன்னு நெனச்சிருக்கா?" பழைய இலக்கமும் செல்லும் என்று நான் மூன்று முறை எழுதிக் காட்டிய பிறகுதான் போனார்.

அந்தக் காலத்துக்குள் ஊரும் மாறியிருந்தது. இரத்தினபுரியில் குளிரூட்டிய அறையில், பாட்டுப் போட்டுப் பச்சை குத்துகிற கடைகள் வந்துவிட்டன. பச்சை என்றுகூடச் சொல்வதில்லை, டட்டூ. எங்கள் பையன்கள் கழுத்தில் சிங்கமும் தோளில் சிலுவையும் வேலும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திருவிழாவுக்கு வந்தார்கள். விலாசம் அண்ணன் ஒவ்வொருவனையும் நிறுத்திப் பார்ப்பார். "நல்ல சிங்கந்தான். எந்த லயத்துச் சிங்கம்னு கீழ ஒரு வரி போட்டிருக்கலாமே?" பையன்கள் அவரோடு நின்று செல்பி எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கண்ணுக்கு அவர் கை அழகாக இருந்தது. எங்கள் தலைமுறைக்குத்தான் அது கடைசி வரை அழகாகவில்லை.

பிறகு அந்த மழை வந்தது.

மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் மத்தியானம் கிராம சேவகர் ஒலிபெருக்கியோடு வந்து, மேட்டில் விரிசல் விட்டிருக்கிறது, கீழ் லயத்துச் சனம் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும் என்றார். ஏறினோம். மூன்று வகுப்பறைகளில் ஏழு லயத்துச் சனம். பிள்ளைகள் மேசைமேல், பெரியவர்கள் தரையில். மலை உள்ளுக்குள் உறுமுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. முதலில் பேசினார்கள், பிறகு சாமி கும்பிட்டார்கள், பிறகு ஒன்றுமே செய்யவில்லை.

அப்போதுதான் லெச்சுமி எழுந்தாள். பிள்ளைக்குப் பேர் வைத்த அன்றைக்கு விலாசம் அண்ணனை வாசலோடு திட்டி அனுப்பியவள். ஏழு வயது மகள் ரோஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, இவளுக்கு எழுதி விடுங்க."

மெஷின் ஏது? பள்ளிக்கூட அதிபர் வெள்ளைப் பலகைக்கு எழுதுகிற பேனாவையல்ல, பெட்டிகளில் எழுதுகிற அழியாத கறுப்புப் பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். விலாசம் அண்ணன் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பெயர், அப்பா பெயர், தோட்டம், லயம், காம்பரா. ரோஷினி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மாமா, ஒரு மணிக்கூடும் கட்டி விடுங்க."

"மணி எத்தனை வைக்கட்டும்?"

"பள்ளிக்கூடம் விடுற மணி."

மணிக்கட்டில் ஒரு கடிகாரத்தை வரைந்து ஒன்றரை வைத்தார். அவள் அதைக் காதில் வைத்துப் பார்த்து, "ஓடுது" என்றாள். அந்த அறையில் அன்றைக்குக் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

அதற்குப் பிறகு வரிசை. முப்பது வருடமாக அவரைக் கிண்டல் செய்த கைகள் எல்லாம் நீண்டன. பிள்ளைகள் முடிந்து பெரியவர்கள். கடைசியில் நானும் சட்டையை மடித்துவிட்டுப் போய் நின்றேன்.

"நீங்களுமா கிளாக்கரையா?"

"எழுதுங்கண்ணே."

அவர் முகத்தில் பெருமை இருந்ததாகச் சிலர் பிறகு சொன்னார்கள். இல்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எழுதி முடித்த ஒவ்வொரு கையையும் விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மழை விட்டது. வெயில்கூட அடித்தது. லெச்சுமி, அடுப்படியில் வைத்த ஆவணங்களையும் அடைத்துக் கிடக்கும் கோழிகளையும் நினைத்துக்கொண்டாள். "ரெண்டு நிமிசத்துல வந்துர்றேன்" என்று இறங்கினாள். ரோஷினி அம்மாவின் பின்னால் ஓடினாள். இன்னும் இரண்டு ஆண்கள் போனார்கள். பத்து மணிபோல மலை இறங்கியது. சத்தம் ஒரு லொறி சரக்கு கொட்டுகிற அளவுக்குத்தான் கேட்டது. பார்த்தபோது ஏழாம் லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை.

லெச்சுமியையும் அந்த இருவரையும் அன்றே எடுத்தார்கள். ரோஷினி கிடைக்கவில்லை. கீழே ஆறு கரை மீறிப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ஆபீஸ் டெலிபோனை எடுத்தது நான்தான். ஆற்றின் கீழ்ப்பக்க ஊரிலுள்ள ஓர் ஆஸ்பத்திரி. பல இடங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே கிடந்தார்கள். "ஒரு பெண் பிள்ளை. கையில் எழுதியிருக்கிறது" என்று சொல்லி, மறுமுனையில் ஒருவர் மெல்ல வாசித்தார். பெயர். அப்பா பெயர். கல்லுமலைத் தோட்டம். ஏழாம் லயம். ஒன்றும் தப்பவில்லை. "மணிக்கட்டில் ஒரு மணிக்கூடும் இருக்கிறது" என்றார்.

பிள்ளையின் அப்பா யோகராஜும் நானும் கிளம்பியபோது, விலாசம் அண்ணன் தானாகவே வந்து வேனில் ஏறிக்கொண்டார். அடையாளம் காட்டியானதும் பிணவறைக்காரர், தமிழ் பேசுகிற ஒரு முஸ்லிம் மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இத எழுதினது யாருங்க? இன்னும் அஞ்சு பேருக்கு ஆள் தெரியாமக் கெடக்கு. பெரிய புண்ணியம் பண்ணிருக்காரு."

விலாசம் அண்ணன் வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது, குழாயடியில் குந்தி, கீழே கிடந்த செங்கல் துண்டால் தன் இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் கிழிந்து இரத்தம் வந்தது. எழுத்து போகவில்லை. யோகராஜ்தான் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான். பிள்ளையை இழந்தவன் அவன். ஆனால் அவன்தான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னான்.

"ஒங்களாலதாண்ணே எம்புள்ள ஊட்டுக்கு வருது."

"இல்லடா. சாவுக்கு எழுதுற எழுத்தப் பச்சப் புள்ள கையில எழுதிட்டேன்டா. நான் எழுதாம இருந்திருந்தா அவ போயிருக்க மாட்டா."

நான் ஏதோ நியாயம் சொல்லப் பார்த்தேன். யோகராஜ் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான்.

அன்றோடு விலாசம் அண்ணன் முழுக்கைச் சட்டைக்கு மாறினார். மணிக்கட்டில் பொத்தானும் போட்டிருப்பார், பால் வெட்டும்போதுகூட. பச்சையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. புதுப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். ஊருக்கு அவருடைய தொல்லை இல்லாமல் இருக்க முடியவில்லை. "ஏதாச்சும் கேளுங்கண்ணே" என்று பெண்கள் பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தே பார்த்தார்கள். பிள்ளையின் காலைத் தடவிக் கொடுப்பாரே தவிர, கையைத் தொடமாட்டார். சவக்காலைக்குப் போகிற அந்த வருடாந்த லீவை மட்டும் விடவில்லை.

இரண்டு வருடம் இப்படியே போனது. பிறகு அவர் மகள் தர்ஷினி வந்தாள். அவிசாவளைப் பக்கம் ஒரு தையல் கார்மெண்டில் சூப்பர்வைசர். லயம் போனவர்களுக்குப் புதிதாகக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குள் அவள் நுழைந்த வேகத்திலேயே அவள் அம்மாவின் கூச்சல் ரோடு வரை கேட்டது. நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். மணிக்கட்டின் உள்பக்கம், கட்டைவிரல் அளவில், நீல நிறத்தில் ஒரு மீன்கொத்தி.

"ஞாயித்துக்கெழமை குருவிட்டயிலருந்து பொண்ணு பாக்க வர்றாங்கடி! இதப் பாத்தா என்னா சொல்லுவாங்க? ஒங்கப்பன் கைய மறைக்கவே நான் முப்பது வருசமாப் பாடுபட்டேன்!"

அப்பா முகத்தை எல்லாரும் பார்த்தோம். அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குருவிட்டக்காரர்கள் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல வாய்ப்பேச்சுக்காரி. தர்ஷினி தேத்தண்ணித் தட்டை நீட்டியதும் மீன்கொத்தி அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

"ஐயோ, இது என்னாங்க? அந்தக் காலத்துல எங்க அம்மாமாரு படிப்பில்லாம குத்திக்கிட்டாங்க. படிச்ச புள்ளைக்கு இது எதுக்கு? எங்க பக்கம் இதெல்லாம் நல்ல பொம்பளைங்க போடுறதில்லைங்க."

தர்ஷினியின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தர்ஷினி தட்டை மேசையில் வைத்தாள். மாப்பிள்ளையும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தான்.

"அத்தை, ஒங்க மகன் சட்டையக் கொஞ்சம் மடிச்சு விடச் சொல்லுங்க."

மாப்பிள்ளை முகம் செத்துவிட்டது. "தர்ஷினி, வேணாம்" என்றான். அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் இருவருக்கும் பழக்கம் உண்டு என்பது முதலில் வெளிவந்தது. அவன் அம்மா அவன் சட்டையை மடித்ததில் மற்றது வெளிவந்தது. மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் ஒரு டிராகன். வாலில் மட்டும் மூன்று வர்ணம்.

"டேய்! இது எப்படா?"

"ரெண்டு வருசமாச்சும்மா."

"ரெண்டு வருசமா? நாந்தானடா ஒனக்குச் சோறு போடுறேன்!"

"அதான்மா ஊட்டுல முழுக்கைச் சட்டையிலயே இருக்கேன்."

முதலில் சிரித்தது யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். விலாசம் அண்ணன். பள்ளிக்கூடத்து மழைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டதில்லை. சிரிப்பா இருமலா என்று தெரியாதபடி, கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அது வேறு மாதிரி ஆனது. தோள் குலுங்கியது. மாப்பிள்ளையின் அம்மாதான் எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அவர் மகளைக் கூப்பிட்டார். அவள் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இரண்டு வருடத்தில் அவர் தொட்ட முதல் கை.

"எழுத்து ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா. பறவை மட்டுந்தான்."

"போதும் ஆத்தா. ஒண்ணும் எழுதாத." கொஞ்ச நேரம் தலையை ஆட்டினார். "எவனாச்சும் நீ யாரு, எந்த ஊருன்னு கேட்டா, வாயத் தொறந்து நீயே சொல்லணும். நீதான் சொல்லணும்."

கல்யாணம் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் இப்போது குருவிட்டயில் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று இரத்தினபுரிக்கு வந்துவிட்டேன். மாதத்துக்கு இரண்டு முறை மூன்று பஸ் மாறிக் கல்லுமலைக்குப் போகிறேன். போய்ப் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. அவர் பலாக்கொட்டையை அவித்து உரித்து வைப்பார். நான் கொண்டுபோன வெற்றிலையைத் துடைத்துக் கொடுப்பேன். இரண்டு கிழவர்கள் பின்வாசலில் உட்கார்ந்து எதிர் மலையைப் பார்ப்போம். புறப்படும்போது, "அடுத்த தடவ கொஞ்சம் வெள்ளனவே வாங்க" என்பார். "மழையா இருந்தா வரமாட்டேண்ணே" என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். இதுவரை எந்த மழைக்கும் நான் வீட்டில் தங்கியதில்லை.